பூதமே, உனக்கு இங்கே என்ன வேலை?



கதைசொல்லலைப் பற்றிப் பேசுவதற்கென்றே ஏற்படுத்தப்பட்ட அறக்கட்டளை இது. காவியம், நாவல், கூத்து என்று பேச எவ்வளவோ இருக்க, நான் ஒரு விளையாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தலைப்பைத் தொலைபேசியில் சொன்னதும் எதிர்முனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி, பேசுங்கள்" என்றார்கள். அந்தத் துணிச்சலுக்கு முதலில் நன்றி.

விளையாட்டு இதுதான். ஒரு மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் உட்காருகிறார்கள். ஒருவர் ஆட்டத்தை நடத்துபவர். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம்: ஒருவர் போர்வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடர். "கதவைத் தள்ளுகிறேன்" என்கிறார் ஒருவர். கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நடத்துநர் சொல்கிறார். முடிவு தெரியாத இடத்தில் பகடை உருளும். மற்றதெல்லாம் பேச்சுதான். எழுதி வைத்த வசனம் கிடையாது, பார்வையாளர் கிடையாது. சொல்பவரே கேட்பவர், கேட்பவரே சொல்பவர்.

இந்த வகை ஆட்டங்களில் முதலில் அச்சானது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து 1974-இல் வந்தது. எழுதியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும். ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு நூல்கள், முதல் அச்சு 1000 பிரதிகள். ஒரு நூலின் பெயரில் மந்திரம் இருந்தது, இன்னொன்றின் பெயரில் பூதங்கள் இருந்தன. அன்று முதல் இந்த ஆட்டத்தை ஆடுகிறவர்களிடம் ஒரு புலம்பல் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறது: 'முன்பிருந்த வியப்பு இப்போது இல்லை. பூதத்தைப் பார்த்தால் பயம் வருவதில்லை, மந்திர வாளைப் பார்த்தால் ஆசை வருவதில்லை.' பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்று அதை ஒதுக்கிவிடலாம். ஆனால் பாட்டி சொன்ன பேய்க்கதை பத்தாம் முறையும் பிடித்துத்தானே இருந்தது? ஆகவே பழக்கத்தின் மேல் மட்டும் பழியைப் போட முடியாது.

மந்திரத்திலிருந்து தொடங்குகிறேன். தொடக்ககால விதிகளில் மந்திரவாதியின் நிலை பரிதாபமானது. 1978-இல் வந்த விதிநூலின்படி, முதல் லெவல் மந்திரவாதிக்கு நாலு முகப் பகடையை ஒருமுறை உருட்டி விழும் எண்தான் உயிர்ப்புள்ளி, அதாவது ஹிட் பாயின்ட். ஒன்று விழுந்தால் ஒன்றுதான். கவசம் போடக்கூடாது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம். காலையில் மனப்பாடம் செய்ய வேண்டும், சொன்னதும் மறந்துபோகும், மறுநாள்தான் மறுபடி. இந்த ஏற்பாட்டைக் கைகாக்ஸ் எடுத்தது ஜாக் வான்ஸ் 1950-இல் எழுதிய 'தி டையிங் எர்த்' நூலிலிருந்து. அந்தக் கதைகளில் கைதேர்ந்த மந்திரவாதிக்கும் ஒரு நேரத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மந்திரங்கள் மனத்தில் நிற்கும்.

அந்த ஒற்றை மந்திரம் உறக்க மந்திரம் என்று வைத்துக்கொள்வோம். சிறு பூதங்கள் என்றால் குறைந்தது நாலு, அதிகம் போனால் பதினாறு, நின்ற இடத்திலேயே சுருண்டு விழும். எதிர்த்து நிற்க அவற்றுக்குப் பகடைகூடக் கிடையாது. சுரங்கத்தின் முதல் அறையில் நான்கு காப்ளின்கள் நிற்கின்றன. இப்போது சொல்வதா, வேண்டாமா? மூன்றாவது அறையில் பத்துப் பேர் இருந்தால்? போர்வீரர் ரத்தம் ஒழுக மந்திரவாதியைத் திரும்பிப் பார்க்கிறார். மந்திரவாதி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அந்த மேசையில் அன்று மாலை முழுவதும் பேச்சு அதைப் பற்றியதாகத்தான் இருக்கும். கடைசியில் அவர் வாயைத் திறந்து மந்திரத்தைச் சொல்லும்போது எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

இப்போது 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பைப் பாருங்கள். முதல் லெவல் மந்திரவாதியே நெருப்புக் கணையை நாள் முழுக்க, எத்தனை முறை வேண்டுமானாலும் எறியலாம். கணக்கே இல்லை. ஆடுகிறவர் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் செய்தது இது. நானே மந்திரவாதியாக ஆடி மூன்று மணி நேரம் கொட்டாவி விட்டவன், அந்த நல்லெண்ணத்தின் அருமை எனக்குத் தெரியும். ஆனாலும் எறிகிறவரும் சரி, பார்க்கிறவர்களும் சரி, நாற்பதாவது கணையின்போது தலை நிமிர்வதில்லை.

இதைவிடப் பெரிய சறுக்கல் 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் நடந்தது. மந்திரப் பொருள் ஒவ்வொன்றுக்கும் விலை போட்டார்கள். சாதாரண மந்திர நீள்வாள் 2315 பொற்காசு. காயம் ஆற்றும் எளிய மந்திரக்கோல் 750 பொற்காசு, அதில் 50 தடவை பயன்படுத்தலாம். ஆடுகிறவர்கள் கணக்கில் புலிகள். தடவைக்குப் பதினைந்து காசு, இதைவிட மலிவான வைத்தியம் உலகத்தில் இல்லை என்று உடனே கண்டுபிடித்தார்கள். ஊருக்குத் திரும்பும்போதெல்லாம் மளிகைச் சீட்டு எழுதுவதுபோல 'கயிறு ஒன்று, தீவட்டி ஆறு, மந்திரக்கோல் இரண்டு' என்று எழுதத் தொடங்கினார்கள். விலை வைத்தவர்களை முட்டாள் என்று நான் சொல்ல மாட்டேன். எந்த லெவலில் எவ்வளவு செல்வம் இருக்க வேண்டும் என்று அட்டவணை போட்டு, அதற்கேற்பப் பூதங்களின் பலத்தை நிறுத்தார்கள். ஒரு நடத்துநர் கஞ்சத்தனமாகவும் இன்னொருவர் வாரி இறைத்தும் ஆட்டத்தைக் கெடுத்த பழைய தொல்லை அதனால் குறைந்தது. நியாயம் கிடைத்தது. அதற்கு ஈடாகப் போனது, 'இந்த வாள் யாருடையது?' என்ற கேள்வி. விலை தெரிந்த பொருளைப் பற்றி யாரும் அப்படிக் கேட்பதில்லை.

பூதங்களின் கதைக்கு வருகிறேன். 1977-இல் 'மான்ஸ்டர் மேனுவல்' வந்தது. முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பூதங்கள், அகரவரிசையில், கெட்டி அட்டையில். ஒவ்வொன்றுக்கும் எத்தனை உயிர்ப் பகடை, எவ்வளவு வேகம், எப்படிக் கடிக்கும், எவ்வளவு புதையல் வைத்திருக்கும், எல்லாம் உண்டு. நடத்துநர்களுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் கடையில் விற்கும் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் வாங்கலாமே! டிரால் என்ற பூதம் வெட்ட வெட்ட வளரும், தீயோ அமிலமோ பட்டால்தான் சாகும். போல் ஆண்டர்சனின் நாவல் ஒன்றில் வரும் டிராலைப் பார்த்து எடுத்தது. முதன்முதலாக அதைச் சந்தித்த மேசையை நினைத்துப் பாருங்கள். வெட்டி எறிந்த கை தரையில் ஊர்ந்து வந்து காலைப் பிடிக்கிறது! இன்றோ, நடத்துநர் "பச்சைத் தோல், நீண்ட மூக்கு" என்று வாயெடுத்த மாத்திரத்தில் "தீவட்டியை எடு" என்று நான்கு குரல்கள் கேட்கும்.

இதற்கு நேர்மாறான ஒரு பூதத்தை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஹாங்காங்கில் செய்த மலிவான பிளாஸ்டிக் பொம்மைகள் அமெரிக்கக் கடைகளில் பை பையாக விற்றன. டைனோசர் என்று சொல்லி விற்றாலும் எந்த டைனோசரைப் போலவும் இல்லாத விசித்திர உருவங்கள். கைகாக்ஸ் அவற்றை வாங்கி வந்து ஆட்டத்தில் இறக்கிவிட்டார். அவற்றில் ஒன்று துருப்பூதம். அது யாரையும் கொல்ல வருவதில்லை, இரும்பைத் தின்ன வருகிறது. உணர்கொம்பு தொட்டால் கவசம் துருவாகக் கொட்டும். ஆறு டிராகன்களை முறைத்துப் பார்த்த வீரர் இதைக் கண்டதும் தன் வாளை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுவார். இதன் ரகசியம் எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் பயம் குறைவதில்லை. ஏன்? அதற்கு ஒரு வேலை இருக்கிறது, பசி இருக்கிறது. உயிர்ப்புள்ளி குறைந்தால் இரவு தூங்கி எழுந்து சரிசெய்துகொள்ளலாம், போன கவசம் போனதுதான். பெரிய கற்பனை எதுவும் இல்லாத ஒரு பொம்மைக்கு இது வாய்த்தது என்பதுதான் வேடிக்கை.

எண் போடுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நமக்கு நெருக்கமான ஒரு சாட்சி உண்டு. 1976-இல் ராபர்ட் குன்ட்ஸும் ஜேம்ஸ் வார்டும் எழுதி, உலகத் தொன்மங்களின் கடவுளர்க்கெல்லாம் உயிர்ப்புள்ளி கொடுத்து ஒரு நூல் வந்தது. பதிப்பாசிரியர் டிம் காஸ்க் முன்னுரையில் அதன் நோக்கத்தை ஒளிக்கவில்லை. சில மேசைகளில் பாத்திரங்கள் நாற்பதாவது லெவலைத் தாண்டி எகிறிக்கொண்டிருந்தன. கடவுளருக்குத் தலைவரான ஓடினுக்கே 300 புள்ளிதான் என்று அச்சில் பார்த்தாலாவது அவர்களுக்கு வெட்கம் வரும் என்று அவர் எதிர்பார்த்தார். வெட்கமா வரும்? 300 என்று எழுதியதும் 'முந்நூறுதானே, வெட்டிவிடலாம்' என்று பலரும் அதைப் பூதப் பட்டியலாகவே படித்தார்கள். 1980-இல் வந்த விரிவான பதிப்பில் இந்திரன், அக்கினி, காளி, யமன் எல்லோரும் புள்ளிக் கணக்கோடு நிற்கிறார்கள். கார்த்திகேயன் என்ற பெயரில் நம் முருகனும் உண்டு. மத உணர்வு புண்பட்டது என்று சொல்ல நான் இதை எடுக்கவில்லை. அவர்கள் யாரையும் இழிவுபடுத்தவில்லை, எல்லா நாட்டுக் கடவுளரையும் ஒரே தராசில்தான் நிறுத்தார்கள். என் வருத்தம் கதைக்காரனின் வருத்தம்: சூரனுக்கும் வேலுக்கும் உள்ள உறவை எந்தத் தராசில் வைப்பது?

மான்ஸ்டர் மேனுவலில் ராட்சசனும் இருக்கிறான், புலித்தலையோடு. நம்பிக்கைக்குரியவரின் உருவத்தில் வந்து ஏமாற்றுவான். ஆசி பெற்ற குறுக்குவில் அம்பு பட்டால் சாவான். இந்த அம்பு எந்தப் புராணத்தில் இருக்கிறது என்று தேட வேண்டாம். 1974 இறுதியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த 'கோல்சாக்' என்ற திகில் தொடரில் இருக்கிறது. நம் அரக்கர்களுக்கும் பலவீனம் உண்டு, ஆனால் அது அவர்கள் வாயாலேயே வந்தது. மனிதனை ஒரு பொருட்டாக நினைக்காததால் இராவணன் மனிதனிடமிருந்து பாதுகாப்புக் கேட்கவில்லை. இரணியன் உள்ளும் கூடாது, வெளியும் கூடாது என்று அடுக்கிக் கேட்டு வாசற்படியை மறந்தான். கேட்ட வரத்திலேயே குணம் தெரிகிறது, குணத்திலேயே சாவு இருக்கிறது. அம்பு நல்ல விதிதான். அந்த ராட்சசனைப் பற்றி மட்டும் அது நமக்கு ஒன்றும் சொல்வதில்லை.

சரி, மருந்து என்ன? எல்லோரும் முதலில் சொல்வது பத்தியம். மந்திரத்தைக் குறை, பூதத்தைக் குறை, ஆண்டுக்கு ஒன்று காட்டு என்பார்கள். நான் இதில் உடன்படுவதில்லை. குறைத்துவிட்டால் மட்டும் சிறப்பு வந்துவிடாது. ஆறு மாதம் காக்க வைத்துக் கடைசியில் ஒரு சாதாரண மந்திர வாளை நீட்டினால், ஆடுகிறவர் 'இதற்கா?' என்றுதான் பார்ப்பார்.

எனக்குச் சாட்சி ரூன்குவெஸ்ட். ஸ்டீவ் பெரினும் நண்பர்களும் எழுதி, கேயாசியம் நிறுவனம் 1978-இல் வெளியிட்ட ஆட்டம். நடக்கும் உலகம் கிரெக் ஸ்டாஃபோர்டு உருவாக்கிய குளோரந்தா. அங்கே எவரும் மந்திரம் கற்கலாம். கத்தியைக் கூராக்க ஒன்று, காயத்துக்கு ஒன்று என்று சாதாரண ஆட்களிடமும் கைவசம் இருக்கும். ஐந்தாம் பதிப்பைவிடத் தாராளம் என்றே சொல்லலாம். இருந்தும் அங்கே மந்திரம் மலிவாகத் தெரிவதில்லை. பெரிய மந்திரம் வேண்டுமானால் ஒரு தெய்வத்தின் கூட்டத்தில் சேர வேண்டும், அதன் கட்டுப்பாடுகளை ஏற்க வேண்டும், தன் ஆன்ம பலத்தில் ஒரு புள்ளியை நிரந்தரமாகக் கொடுக்க வேண்டும். ஒருவர் செய்யும் மந்திரத்தைப் பார்த்தே அவர் யாரை வணங்குகிறார், யாருக்குப் பகை என்று எதிரே நிற்பவர் தெரிந்துகொள்வார். மந்திரம் அங்கே உறவுமுறை.

அதே குளோரந்தாவில் டிரால்களும் உண்டு. 1982-இல் ஸ்டாஃபோர்டும் சாண்டி பீட்டர்சனும் 'டிரால்பேக்' என்று ஒரு பெட்டி நிறைய அவற்றைப் பற்றியே எழுதினார்கள். இவை பாதாள இருளில் சுகமாக வாழ்ந்த இனம். சூரியக் கடவுள் கொல்லப்பட்டுப் பாதாளத்துக்குள் இறங்கியபோது அந்த வெளிச்சமும் சூடும் தாங்காமல் மேலே ஓடிவந்த அகதிகள். பெண்கள்தான் தலைமை. எதையும் தின்பார்கள், மண்ணையும் கல்லையும்கூட. ஒரு சாபத்தால் அவர்கள் வயிற்றில் பெரும்பாலும் குறைபட்ட குட்டி டிரால்கள்தான் பிறக்கின்றன. தாய்மாருக்கு அது தீராத துக்கம். இவ்வளவையும் ஆடுகிறவர் படித்துவிட்டே வரலாம், ஒன்றும் கெட்டுவிடாது. அடுத்த முறை இருட்டில் டிரால் எதிரே வரும்போது 'தீவட்டியை எடு' என்பதற்கு முன் ஒரு கணம் தயங்குவார். இங்கே தெரிந்துகொண்டது பயத்தைக் குறைக்கவில்லை, வேறொன்றாக மாற்றியது.

சாண்டி பீட்டர்சன் அதற்கு முந்தைய ஆண்டு, 1981-இல், 'கால் ஆஃப் கதுல்ஹு'வை எழுதியிருந்தார். லவ்கிராஃப்டின் திகில் கதைகளை ஆட்டமாக்கியது. அதில் பாத்திரத்துக்கு உயிர்ப்புள்ளியோடு புத்தித்தெளிவுப் புள்ளியும் உண்டு. பயங்கரத்தைக் கண்ணால் பார்த்தால் குறையும். கதுல்ஹுவையே பார்த்துவிட்டால் நூறு வரை போகலாம், அதாவது மொத்தமும். அதைவிடக் கூர்மையான விதி ஒன்று இருக்கிறது. அந்தப் பூதங்களைப் பற்றிய அறிவு எவ்வளவு ஏறுகிறதோ, அந்த அளவுக்குப் புத்தித்தெளிவின் உச்சவரம்பு நிரந்தரமாக இறங்கும். மான்ஸ்டர் மேனுவலை மனப்பாடம் செய்தவர் மற்ற ஆட்டங்களில் கெட்டிக்காரர், இங்கே அவர் பாதிப் பைத்தியம். ஆட்ட விதிகளில் நான் பார்த்தவற்றுள் இதற்கு இணையானது குறைவு.

ஆட்டம் நடத்தும் மாணவர்கள் சிலர் முன்வரிசையில் இருக்கிறீர்கள். 'எங்களுக்குக் கையோடு ஏதாவது சொல்லுங்கள்' என்று மதியம் கேட்டீர்கள். பெயரைச் சொல்லாதீர்கள். 'ஓக்ர் நிற்கிறது' என்பதற்குப் பதில், வாசற்படியில் கிடக்கும் மாட்டுத் தலையையும் அது எந்தப் பக்கத்திலிருந்து கடிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். பூதத்துக்கு முன் அதன் தடம் வரட்டும். ஊரார் பேச்சு அதற்கும் முன்னால் வரட்டும், பாதி பொய்யாகவே இருக்கட்டும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1981 பதிப்பில் இரண்டு பகடை உருட்டி எதிர்ப்பட்ட பூதத்தின் மனநிலையைத் தீர்மானிக்கும் விதி ஒன்று உண்டு. இரண்டு விழுந்தால் பாயும், பன்னிரண்டு விழுந்தால் நட்புக் கொண்டாடும், இடையில் எல்லாம் சந்தேகம். அந்தப் பகடையை மறக்காதீர்கள். காப்ளின் பேசத் தொடங்கினால் அது என்ன கேட்கும் என்று உங்களுக்கே தெரியாது, அந்தத் தவிப்பு மேசைக்கு நல்லது. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: பழைய ஆட்டக்காரரை மடக்குவதற்காக டிராலுக்குத் தீ உறைக்காது என்று கடைசி நிமிடத்தில் மாற்றுவது. அது வித்தை அல்ல, கோல்மால். மாற்றுவதானால் முன்கூட்டியே மாற்றி, கருகிய தோலோடு உலவும் டிரால் ஒன்றைப் பற்றி ஊர்ச் சத்திரத்தில் யாராவது புலம்பும்படி வையுங்கள்.

பழைய ஆட்டக்காரர் என்றதும் என் தலைப்புக்கு வர வேண்டியிருக்கிறது. 1970-களின் பிற்பகுதியில் டிரேசி ஹிக்மன் என்ற இளைஞர் ஓர் ஆட்டத்தில் சுரங்கத்துக்குள் போய்க்கொண்டிருந்தார். ஓர் அறையில் ரத்தக்காட்டேரி ஒன்று நின்றது. முந்தைய அறையில் வேறொரு பூதம், அடுத்த அறையில் மற்றொன்று, நடுவில் இது. பயம் வருவதற்குப் பதில் அவருக்குக் கேள்வி வந்தது: உனக்கு இங்கே என்ன வேலை? அவரும் மனைவி லாராவும் அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு சாகசத்தை எழுதினார்கள். 1983-இல் 'ரேவன்லாஃப்ட்' என்ற பெயரில் அது அச்சானது.

புத்தகம் முழுக்க ஒரே காட்டேரிதான், ஸ்டிராட் பிரபு. தம்பி மணக்கவிருந்த பெண்ணின்மேல் ஆசைப்பட்டு, தம்பியைக் கொன்று, அவளையும் இழந்து, சாவும் வராமல் கோட்டையில் கிடப்பவன். காட்டேரிக்கு உரிய எல்லா எண்களும் அவனுக்கும் உண்டு, மேனுவலில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அவன் அறைக்குள் நின்று காத்திருக்க மாட்டான். ஆடுகிறவர்கள் களைத்த நேரம் பார்த்து வருவான், ஒருவரைக் கடிப்பான், சுவருக்குள் மறைவான். அவன் வரவேற்று விருந்து வைப்பதும் உண்டு. ஊரைச் சுற்றி நச்சுப் பனிமூட்டம், நினைத்தபோது வெளியேற முடியாது.

எல்லாவற்றையும்விட நான் வியப்பது அந்தச் சீட்டுகளை. தொடக்கத்தில் மேடம் ஈவா என்ற குறிசொல்லி மேசையில் நிஜமான சீட்டுக் கட்டை விரிக்கிறாள். விழும் சீட்டைப் பொறுத்துச் சூரிய வாள் கோட்டையில் எங்கே கிடக்கிறது, புனிதச் சின்னம் எங்கே, ஸ்டிராட் இந்த முறை என்ன திட்டத்தோடு இருக்கிறான் என்பதெல்லாம் மாறும். ஆக, புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்தவரும் சீட்டு விழும்வரை ஒன்றும் தெரியாதவர்தான். நடத்துநருக்கும் தெரியாது. காட்டேரியின் உயிர்ப்புள்ளி எத்தனை என்று ஒப்பிக்கக் கூடியவர், அவன் இன்றைக்கு யாரைத் தேடி வந்திருக்கிறான் என்று கேட்டால் விழிப்பார். அச்சிட்ட புத்தகத்தால் வந்த நோய்க்கு அச்சிட்ட புத்தகத்துக்குள்ளேயே மருந்து வைத்தவர்கள் இந்தத் தம்பதி. 2016-இல் ஐந்தாம் பதிப்புக்காக இதே கதையைப் புதுப்பித்து வெளியிட்டபோது எத்தனையோ மாற்றினார்கள், சேர்த்தார்கள். சீட்டு விரிப்பதை மட்டும் எடுக்கவில்லை.